ஹீத்கோட்டில் இறங்கி கிழக்கா, மேற்கா?

சிட்னியில் நடைக்குழுக்கள் ஞாயிறு நடைக்கு இடம் பார்க்கும்போது பெரும்பாலும் முதலில் எழும் கேள்வி, ரயிலில் போய் ரயிலிலேயே திரும்ப முடியுமா என்பதுதான். ஒரு ஸ்டேஷனில் இறங்கிக் காட்டுக்குள் நுழைந்து அடுத்த ஸ்டேஷனில் வெளியே வந்தால், யார் காரை எங்கே நிறுத்துவது என்ற தலைவலி இல்லை. சிட்னி புறநகர் ரயிலின் டி4 தடத்தில் தெற்கே கடைசி இரண்டு ஸ்டேஷன்களான ஹீத்கோட்டும் வாட்டர்ஃபாலும் இந்த வகையில் கொடுத்துவைத்தவை. இரண்டுக்கும் நடுவே ஒன்றல்ல, இரண்டு காட்டுப் பாதைகள். கிழக்கே ராயல் தேசியப் பூங்கா, மேற்கே ஹீத்கோட் தேசியப் பூங்கா.

ரயில் பாதை ஓடுவது ஒரு முகட்டின் மேல். கிழக்கே இறங்கும் தண்ணீர் கங்காரு ஓடை வழியாக ஹாக்கிங் ஆற்றுக்குப் போகிறது. மேற்கே இறங்குவது ஹீத்கோட் ஓடை, வொரனோரா, ஜார்ஜஸ் என்று ஆறு மாறிப் பாட்டனி விரிகுடாவைச் சேர்கிறது. பிளாட்பாரத்தில் நின்று இடமா வலமா என்று திரும்புவதிலேயே அன்றைய நாளின் குணம் தீர்மானமாகிவிடும்.

கிழக்குப் பாதைக்குக் கார்லூ தடம் என்று பெயர். ஏறத்தாழ பத்து கிலோமீட்டர். ஸ்டேஷனை விட்டுக் கொஞ்ச நேரத்திலேயே இறக்கம் தொடங்கி, கங்காரு ஓடையின் கார்லூ குளத்தில் கொண்டுபோய் விடும். பால் கலக்காத தேநீர் நிறத்தில் தெளிந்த தண்ணீர். இலைகளும் பட்டைகளும் ஊறி இறங்கிய சாயம் அது, அழுக்கில்லை. அதற்காகக் குடித்துப் பார்க்க வேண்டாம். குளத்தைத் தாண்டியதும் ஏற்றம். அப்புறம் மணற்பாறை மேட்டில் நிழலே இல்லாத புதர்வெளி, உலூலா அருவி, அங்கிருந்து அகலமான பாதையில் வாட்டர்ஃபால். செப்டம்பர் வாக்கில் இந்த மேடு முழுக்கப் பூ. கைமியா லில்லியின் தண்டு இரண்டு ஆள் உயரம் தாண்டி நிற்கும், உச்சியில் ரத்தச் சிவப்பில் ஒரு கொத்து. பூவுக்காக மட்டும் போகிறவர்கள் மேற்கைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

ஆனால் குழுவின் நிரலில் 'ஓடைப் பள்ளத்தாக்கு நடை' என்று போட்டிருந்தால் கிழக்கு கொஞ்சம் ஏமாற்றும். ஓடையோடு இருப்பது சிறிது நேரம்தான், மீதிப் பொழுது மேட்டில். வெயில் நாளில் கார்லூ குளத்தில் குளிக்க வரும் கூட்டமும் ஸ்பீக்கர் சத்தமும் சேர்ந்துகொண்டால், மதிய உணவுக்கு உட்கார ஒரு பாறை கிடைப்பதே பெரிய விஷயம்.

மேற்கில் கதை வேறு. நெடுஞ்சாலையைத் தாண்டி, வீட்டுத் தெருக்கள் முடியும் இடத்தில் இறங்கினால், புல்லவாரிங் தடம் ஹீத்கோட் ஓடையை விட்டு அதிகம் விலகாமலே தெற்கே போகும். மிராங் குளம், கிங்ஃபிஷர் குளம் என்று ஓடை அங்கங்கே தேங்கித் தேங்கி நிற்கும். எந்த வழியாக இறங்குகிறோம் என்பதைப் பொறுத்துத் தூரம் பன்னிரண்டு கிலோமீட்டர் வரை போகும். பாதை ஒடுக்கம். புதர் இரண்டு பக்கமும் காலைக் கீறும், பாறையில் கை ஊன்றி ஏறி இறங்க வேண்டிய இடங்களும் உண்டு. ஓரத்து மரங்களில் கிறுக்கல் யூகலிப்டஸைப் பார்க்காமல் போகாதீர்கள். வெளுத்த பட்டையில் பென்சிலால் கிறுக்கியது போல வளைந்து வளைந்து கோடுகள். பட்டைக்குள் குடைந்து வாழும் ஓர் அந்துப்பூச்சியின் புழு போட்ட வழி அது. போகப்போகக் கோடு தடிப்பதைக் கவனித்தால், புழு எந்தப் பக்கம் போனது என்று சொல்லிவிடலாம். வளர வளர அது குடையும் வழியும் அகலமாகிறது.

குழுவை நடத்துகிறவர் பார்க்க வேண்டியது ஏற்றம் எங்கே வருகிறது என்பதை. கிழக்கில் பெரிய ஏற்றம் நடுவிலேயே முடிந்துவிடும்; கடைசிப் பகுதியில் பேசிக்கொண்டே நடக்கலாம். மேற்கில் நாள் முழுக்கப் பள்ளத்தாக்கில் இருந்துவிட்டு, கால் ஓய்ந்த நேரத்தில் கிங்ஃபிஷர் குளத்திலிருந்து வாட்டர்ஃபாலுக்கு ஏற வேண்டும். குழுவின் வால் நீளுவது அங்கேதான். கடைசியில் வருபவரோடு அனுபவமுள்ள ஒருவர் இல்லாவிட்டால் பிளாட்பாரத்தில் ஆள் எண்ணும்போது வயிற்றைக் கலக்கும். கிழக்குப் பாதையைத் தலைகீழாக, வாட்டர்ஃபாலில் தொடங்கி நடத்தும் குழுக்களும் உண்டு. அது வேண்டாத வேலை. கார்லூ ஏற்றம் கடைசிக்குப் போய்விடும்.

இரண்டுக்கும் பொதுவானவை: கீழே போன் சிக்னலை நம்ப முடியாது, உண்ணிக்கு நீளக் காற்சட்டை, ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். தண்டவாள வேலை என்று வார இறுதியில் ரயிலுக்குப் பதில் பஸ் விடுவார்கள், முந்தின நாளே பார்த்துவிடுங்கள்.

என் ஓட்டு மேற்குக்கு. ஓடையைப் பார்க்கப் போகிறோம் என்றால் ஓடையோடு நடக்க வேண்டும். முதல் தடவை வருபவர்கள் பாதிக்கு மேல் இருந்தால் மட்டும் கிழக்கு.

முழங்கால் வலிக்காரர்களும் சிறு பிள்ளைகளும் வருகிறார்கள் என்றால் இரண்டையும் விட்டுவிட்டு, ராயல் பூங்காவுக்குள் லேடி காரிங்டன் டிரைவுக்குப் போகலாம். 1886இல் குதிரை வண்டிக்குப் போட்ட சாலை. இன்று காருக்கு அனுமதி இல்லை, சைக்கிள் வரும். ஹாக்கிங் ஆற்றை ஒட்டிய சமதளம், தெற்கு முனையில் நிஜமான மழைக்காடு. கார் இல்லாமல் போவது சிரமம். இரண்டு முனையிலும் கார் நிறுத்தும் ஏற்பாடு பிடிக்காதென்றால், தெற்கு முனையில் சுற்றி வரும் நாலரை கிலோமீட்டர் காட்டுப் பாதையோடு முடித்துக்கொள்ளலாம். பலத்த மழைக்குப் பின் ஆட்லி அணைச் சாலையை மூடிவிடுவார்கள், வேறு வழியாகச் சுற்றித்தான் வர வேண்டும்.

இங்கே கோடை உச்சமான ஜனவரியில் மூன்றையும் நிரலில் போடாதீர்கள். 1994 ஜனவரித் தீயில் ராயல் பூங்காவின் பெரும்பகுதி எரிந்தது. தீ அபாயம் கூடும் நாட்களில் பூங்காக்களை மூடிவிடுவதால், அந்த மாதத்து அறிவிப்பில் பாதி ரத்து அறிவிப்பாகவே போகும். மேற்குக்கு மே மாதம் பொருத்தம். குளிர்காலம் நெருங்குவதால் பொழுது சீக்கிரம் சாயும், ஆகவே காலை ரயிலைத் தவறவிடக் கூடாது.