பாட்டு சிடி எழுதித் தரும் டவுன்ஹால் ரோட்டுக் கடை: எது தேறியது, எது தேறவில்லை

மதுரை டவுன்ஹால் ரோட்டிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் இன்றைக்கும் பாட்டு சிடி எழுதித் தருகிறார்கள். பழைய கார் வைத்திருப்பவர்கள், திருவிழாவுக்கு மைக்செட் போடுபவர்கள், அப்பா காலத்துக் கேசட்டைப் பத்திரப்படுத்த நினைப்பவர்கள் என்று ஆள் வரத்தான் செய்கிறது. அங்கே எழுதிய மூன்று சிடிகளை வீட்டுப் பிளேயர், கார் பிளேயர், கம்ப்யூட்டர் மூன்றிலும் போட்டுக் கேட்டு எழுதியது இது. ஒன்று, ஒரிஜினல் சிடியின் நகல். அடுத்தது பென்டிரைவில் கொடுத்த 18 பாட்டு. மூன்றாவது, மேலூர்ப் பக்கம் விடிய விடிய நடந்த ஸ்பெஷல் நாடகத்தை மேடை ஓரத்தில் டேப் ரெக்கார்டர் வைத்துப் பதிந்த 90 நிமிடக் கேசட்.

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். சிடியில் இருப்பது வெறும் எண்கள். டிஸ்க்கில் கோளாறு என்றால் ‘டிக் டிக்’ என்று வெட்டும், தாவும், நின்றுபோகும். பேஸ் குறையாது, குரல் மங்காது. மங்கலும் கரகரப்பும் இரைச்சலும் கேட்டால், எழுதுவதற்கு முன்பே ஃபைலில் அது புகுந்துவிட்டது. எந்தக் கம்பெனி டிஸ்க்கை மாற்றிப் போட்டாலும் அதே மங்கல்தான் வரும்.

நகல் சிடியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிழை வரும் இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்து ஒப்பிடும் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி மென்பொருளில் எடுக்கிறார்கள். எழுதுவது டிஸ்க்-அட்-ஒன்ஸ் முறையில், அதாவது சிடி முழுவதையும் நிறுத்தாமல் ஒரே மூச்சில். கச்சேரிப் பதிவுக்கு இது கட்டாயம் வேண்டும். ஒவ்வொரு பாட்டுக்கும் நிறுத்தி எழுதும் டிராக்-அட்-ஒன்ஸ் வைத்தால் கைதட்டல் நடுவே 2 விநாடி மௌனம் விழுந்து, சில பிளேயர்களில் ‘டப்’ என்றும் கேட்கும். வேகம் 16எக்ஸ், அதாவது பாட்டு ஓடும் வேகத்தைப் போல் 16 மடங்கு. டிஸ்க் மேல் 52எக்ஸ் என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து அதே வேகத்தில் எழுதினால் ஓரம் போகப் போகப் பிழை கூடும். கம்ப்யூட்டர் சமாளித்துவிடும், லேசர் களைத்த பழைய கார் பிளேயர் கடைசி இரண்டு பாட்டில் திணறும். அதற்காக 1எக்ஸ், 2எக்ஸ் என்று இறங்கவும் வேண்டாம். லேசர் எழுதுவது டிஸ்க்கில் பூசிய சாயத்தில்; இப்போது வரும் டிஸ்க்கின் சாயம் அதிவேகத்துக்கென்று செய்தது. 80 நிமிட சிடி 16எக்ஸில் எழுத 5 நிமிடத்துக்குச் சற்று மேலே ஆகும், அவ்வளவுதான். அழித்து எழுதும் ஆர்டபிள்யூ டிஸ்க் தரட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதன் ஒளிப் பிரதிபலிப்பு மிகக் குறைவு. பழைய பிளேயர் பல அதைப் படிக்கவே செய்யாது.

பென்டிரைவ் சிடியில் நான்கு பாட்டு மங்கல், இரண்டு பாட்டு காதைக் கிழித்தது. மங்கலுக்குக் கடையைக் குறை சொல்ல முடியாது. கொடுத்த ஃபைலே அப்படி. எம்பி3 ஃபைல் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 எம்பி இருந்தால் அது 128 கேபிபிஎஸ், அதாவது ஒலியை நிறையச் சுருக்கியது. 320 என்றால் 2.4 எம்பி, சுருக்காத சிடி தரத்து வேவ் ஃபைல் 10 எம்பிக்கு மேல். ஆனால் அளவும் ஏமாற்றும். 128ஐ 320 ஆக மாற்றி வைத்திருந்தால் ஃபைல் பெரிதாகுமே தவிர, போன ஒலி திரும்பாது. ஒலியின் எந்த அதிர்வெண் எவ்வளவு இருக்கிறது என்று படமாகக் காட்டும் ஸ்பெக் என்ற சின்ன மென்பொருளில் ஃபைலைப் போட்டுப் பாருங்கள். 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே கத்தியால் வெட்டியது போல் காலியாகக் கிடந்தால் அது பெருக்கிய ஃபைலாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

காதைக் கிழித்த இரண்டுக்கும் கடைதான் பொறுப்பு. எல்லாப் பாட்டும் ஒரே சத்தத்தில் வர வேண்டுமென்று, மெதுவாக இருந்ததைத் தூக்கிவிட்டிருக்கிறார்கள். அலையின் உச்சி, சிடி தாங்கும் எல்லையான 0 டெசிபலில் முட்டித் தட்டையாகி, தவில் அடி ஒவ்வொன்றும் கரகரவென்று உடைகிறது. சத்தமான பாட்டைக் குறைத்து மற்றதோடு சேர்ப்பதுதான் முறை. உச்சி மைனஸ் 1 டெசிபலைத் தாண்டாமல் இருக்கட்டும்.

கேசட்டுக்கு வருவோம். மனசு கனத்தது இதில்தான். மற்ற இரண்டையும் திரும்ப எழுதிக்கொள்ளலாம். இது உலகத்திலேயே ஒரே பிரதி.

90 நிமிடம் ஒரு சிடியில் அடங்காது என்று சொல்லி, ஏ பக்கம் ஒன்று, பி பக்கம் ஒன்று என்று இரண்டு டிஸ்க் போட்டது நேர்மையான வேலை. ஆனால் ஒலி? ஆர்மோனியம் வருகிறது, ராஜபார்ட் குரல் வருகிறது, ஜால்ராவைக் காணோம். அசல் கேசட்டை ஒழுங்கான கேசட் டெக்கில் போட்டால் ‘சிங்’ என்று ஊசி மாதிரி வந்து, மெல்லக் கரையும் வால் வரை கேட்கிறது. சிடியில் அதே இடத்தில் ஈரத்துணியை உதறிய மாதிரி ‘சப்’ என்கிறது.

காரணம் இரண்டு. ஒன்று, டெக்கில் நாடாவைப் படிக்கும் ஹெட்டின் சாய்வு இந்தக் கேசட்டைப் பதிந்த மெஷினோடு ஒத்துப்போகவில்லை. ஹெட்டின் ஒரு பக்கம் ஸ்பிரிங் போட்ட சிறு திருகு இருக்கும். நாடாவை ஓடவிட்டு, இடது வலது ஒலியைச் சேர்த்து மோனோவில் வைத்து, அந்தத் திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாக இப்படியும் அப்படியும் நகர்த்தினால் ஓர் இடத்தில் ஜால்ரா பளிச்சென்று தெளியும். அதுதான் நிலை. இதைக் கேசட்டுக்குக் கேசட் செய்ய வேண்டும். அதற்கு முன் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் ஹெட்டைத் துடைக்க வேண்டும். பழுப்பு நிறம் வருவது நின்றால் சுத்தம். நாடாவின் ‘உஸ்’ சத்தத்தைக் குறைக்கும் டால்பி இல்லாமல் பதிந்ததை டால்பி பொத்தானைப் போட்டு ஓட்டினாலும் இதே மங்கல் வரும், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, ‘உஸ்’ சத்தத்தைப் போக்குகிறேன் என்று நாய்ஸ் ரிடக்ஷனை அளவுக்கு மீறி அழுத்தியது. தண்ணீருக்குள் இருந்து பாடுவது போன்ற அந்தக் குமிழிச் சத்தம் இதன் கைரேகை. ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் குறைப்பை 6 முதல் 12 டெசிபலுக்குள் நிறுத்தினால் போதும். கொஞ்சம் ‘உஸ்’ இருக்கட்டும், காது பழகிக்கொள்ளும்.

வீட்டிலேயே பதிய நினைப்பவர்கள் டெக்கின் வயரை லேப்டாப்பின் மைக் துளையில் சொருக வேண்டாம். அது பெரும்பாலும் மோனோ, போதாததற்கு ஒலியைப் பெருக்கி உடைத்துவிடும். கம்ப்யூட்டரில் வெளிக் கருவியின் ஒலியை வாங்கும் நீல நிற லைன்-இன் துளை, லேப்டாப் என்றால் லைன்-இன் உள்ள யுஎஸ்பி ஆடியோ பெட்டி. உச்சி மைனஸ் 6 டெசிபலில் நிற்கிற மாதிரி வையுங்கள். ‘கொர்ர்’ என்று 50 ஹெர்ட்ஸ் ஹம் வந்தால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். பல நேரம் அங்கேயே அடங்கிவிடும்.

இன்னொரு குறை, சிடி மேல் சாமி படம் போட்ட பேப்பர் ஸ்டிக்கர் ஒட்டித் தருவது. பார்க்க லட்சணம்தான். ஆனால் ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் சுழலும்போது டிஸ்க் ஆடும். சித்திரை, வைகாசி வெயிலில் நிற்கும் காருக்குள் பசை இளகி, பிளேயரின் வாயில் சிக்கிக்கொள்ளும். பிய்க்கப் போனால் அடியில் இருக்கும் வெள்ளித் தகடும் சேர்ந்து வந்துவிடும். மேல் பக்கம் அதற்குக் காப்பு ஒரு மெல்லிய வார்னிஷ் பூச்சு மட்டும்தான். சிடி மார்க்கரால் எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஆக, சிடியிலிருந்து சிடி என்றால் இந்தக் கடைக்குத் தாராளமாகப் போகலாம். பென்டிரைவ் என்றால் ‘லெவல் ஏத்தாதீங்கண்ணே’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கேசட் என்றால் 5 நிமிடம் மட்டும் பதிந்து, நாய்ஸ் ரிடக்ஷன் போடாத வேவ் ஃபைலைக் கேட்டு வாங்கி, ஹெட்ஃபோனில் ஜால்ரா வருகிறதா என்று பாருங்கள். வந்தால் முழுக் கேசட்டையும் கொடுங்கள். வராவிட்டால் ஹெட்டைத் திருகச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் கேசட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.