டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஸ்டார்ட்டர் செட்: மாமியாரையும் உட்கார வைத்த பெட்டி

இந்த விளையாட்டை வீட்டுக்குள் கொண்டுவந்தது என் மகள். ஏழாம் வகுப்பு படிக்கிறாள். யாரோ நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து மணிக்கணக்காகக் கதை பேசுவதை யூடியூபில் பார்த்துவிட்டு, "அம்மா, நாமளும் ஆடலாம், நீதான் டிஎம்" என்றாள். டிஎம் என்றால் டன்ஜன் மாஸ்டர், கதையை நடத்துகிறவர். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். "நான் இதைச் செய்யறேன்" என்பார்கள். நடக்குமா நடக்காதா என்று இழுபறியாகிற இடத்தில் பகடைக் கட்டை உருட்ட வேண்டும். பகலெல்லாம் மில்லில் ஜிஎஸ்டி கணக்கோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிற எனக்கு ஞாயிற்றுக்கிழமை இது தேவையா என்றுதான் தோன்றியது.

எதை வாங்குவது என்பதிலேயே ஒரு மாதம் ஓடியது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி 1974-இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இப்படிப் பாத்திரமாகிக் கதை ஆடும் விளையாட்டுகளுக்கே மூத்தது. தெரிந்த பையன் ஒருவன், "ப்ளேயர்ஸ் ஹேண்ட்புக்ல ஆரம்பிங்க ஆன்ட்டி" என்றான். முந்நூறு பக்கத்துக்கு மேல், அதுவும் மூன்று விதிப் புத்தகத்தில் ஒன்று! ஏற்கெனவே ஆடுகிறவர்கள் எல்லாருமே இப்படித்தான் சொல்வார்கள், காதில் வாங்காதீர்கள். நான் வாங்கியது புதுசாக ஆடுகிறவர்களுக்கென்று 2014-இல் வந்த ஸ்டார்ட்டர் செட்.

பெட்டி பெரிசு, உள்ளே இருப்பது கொஞ்சம். 32 பக்க விதிப் புத்தகம், 64 பக்கக் கதைப் புத்தகம், தயாராக எழுதி வைத்த ஐந்து பாத்திரங்களின் தாள், கூடவே ஆறு கட்டைகள். நாலு முகம், ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு, இருபது என்று ஒவ்வொன்றிலும் ஒன்றே ஒன்று. பலகை கிடையாது, காய் கிடையாது. "இதுக்கா இவ்வளவு காசு?" என்றார் வீட்டுக்காரர். கட்டைகளைக் கையில் வாங்கிப் பார்த்த மாமியார், "கல்கண்டு மாதிரி இருக்குதே" என்றார்.

கதை இப்படித் தொடங்குகிறது: நெவர்விண்டர் என்ற நகரத்திலிருந்து ஃபேண்டலின் என்ற சின்ன ஊருக்கு ஒரு வண்டிச் சாமான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வண்டியில் மாவு மூட்டை, உப்புக்கண்டம், மண்வெட்டி, கடப்பாரை. வீட்டுக்காரர் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். "கடப்பாரை எத்தனை, என்ன ரேட்டு?" என்று கேட்டபோதே அவர் ஆட்டத்துக்குள் வந்துவிட்டார், அவருக்குத்தான் அது தெரியவில்லை.

வழியில் இரண்டு குதிரைகள் செத்துக் கிடக்கும். புதருக்குள் நாலு கோப்ளின்கள், நாங்கள் வைத்த பெயர் குட்டிச்சாத்தான். இரண்டு கிட்டே ஓடிவந்து வெட்டும், இரண்டு தள்ளி நின்று அம்பு விடும். முதல் ஞாயிறு ஆட்டம் அங்கேயே முடிந்தது. மகளின் மந்திரவாதிக்கு அம்பு பட்டு உயிர்க்கணக்கு பூஜ்யமானது. "செத்துட்டா கண்ணு" என்றேன். எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ராத்திரி விதிப் புத்தகத்தை மறுபடி எடுத்தேன். பூஜ்யம் என்றால் சாவு இல்லையாம். ஒவ்வொரு சுற்றிலும் இருபது முகக் கட்டையை உருட்ட வேண்டும். பத்தோ அதற்கு மேலோ விழுந்தால் ஒரு தேறல், கீழே விழுந்தால் ஒரு சறுக்கல். மூன்று சறுக்கல் சேர்ந்தால்தான் சாவு, அதற்குள் மூன்று தேறல் வந்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம். கதைப் புத்தகத்திலோ, எல்லாரும் தோற்றுவிட்டாலும் கோப்ளின்கள் கொல்லாமல் மயங்கினபடியே விட்டுவிட்டு வண்டியைக் கொள்ளையடித்துப் போகும் என்று பளிச்சென்று போட்டிருக்கிறது. நான் அந்த வரியைத் தாண்டிப் போயிருக்கிறேன். தப்பு என்னுடையது. என்றாலும் ஒரு புத்தகத்தில் பாதியும் இன்னொன்றில் பாதியுமாக இருப்பதால் புதுசாக நடத்துகிறவருக்கு இப்படி நழுவத்தான் செய்யும். 32 பக்கத்தையும் முழுசாகப் படியுங்கள். கதையில் முதல் பகுதியை மட்டும் இரண்டு தரம் படியுங்கள். மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த ஞாயிறு, "அவ சாகலை, மயக்கம்தான்" என்று விட்ட இடத்திலிருந்து தொடங்கினோம். மகள் இந்த முறை தூக்க மந்திரத்தைத் தேடிப் பிடித்து வைத்திருந்தாள். அதற்கு எட்டு முகக் கட்டை ஐந்து வேண்டும். பெட்டியில் இருப்பது ஒன்று, ஆகவே ஐந்து தடவை உருட்டினாள். கூட்டினால் 24, அவ்வளவு உயிர் வரை தூங்கிவிடும். குட்டிச்சாத்தான் ஒன்றுக்கு உயிர் ஏழு. மூன்று சுருண்டு விழுந்தன, நாலாவது ஓட்டம் பிடித்தது.

இத்தனையும் நடக்கும்போது மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். குள்ளர் இனத்துப் பூசாரி பாத்திரத்தை ஆட ஆள் இல்லை. அந்தத் தாளைச் சத்தமாகப் படித்தேன். வண்டியை அனுப்பிய கண்ட்ரென் என்பவர் இந்தப் பூசாரிக்குக் கசின், அவரைத்தான் இப்போது பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

"கசின்னா? பங்காளியா, மாமன் மச்சானா?"

புத்தகத்தில் அது இல்லை. டிஎம் சொல்வதுதான் தீர்ப்பு என்று விதி இருப்பதால், "தாய்மாமன் மகனுங்க அத்தை" என்றேன். அவரைக்காய் முறம் கீழே போனது. "அப்போ இங்க உக்காந்து என்ன பேச்சு? போய்க் கூட்டிட்டு வாங்க." அன்று முதல் பூசாரி அவர்தான். தூங்கி விழுந்த குட்டிச்சாத்தானைக் கட்டிப்போட்டு எழுப்பி, ஒரு மூட்டை மாவு தருவதாகப் பேரம் பேசி, குகைக்கு வழி கேட்டது வீட்டுக்காரர். பிடிபட்டவனிடம் விசாரிக்கலாம் என்று புத்தகத்திலேயே உண்டு. மாவுப் பேரம் மட்டும் அவர் சொந்தச் சரக்கு.

என்னைக் கேட்டால் இந்தப் பெட்டியின் பலமே அந்த ஐந்து தாள்கள்தான். ஒவ்வொருவருக்கும் கதைக்குள் இறங்க ஒரு காரணத்தை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் தாள் முழுக்கப் பொடி எழுத்து ஆங்கிலம். மாமியாருக்கு அரைத்தாளில் உயிர், கவசம், என்னென்ன செய்யலாம் என்று தமிழில் எழுதிக் கொடுத்தேன். உரக்கப் படிக்கச் சொல்லிக் கட்டம் கட்டிப் போட்டிருக்கும் ஆங்கிலப் பத்திகளையும் அப்படியே படிக்காதீர்கள், தூக்கம் வந்துவிடும். நம் பேச்சில் சொல்லுங்கள். காய்க்குப் புளியங்கொட்டையும் சோழியும் போதும்.

குறை என்றால், சொந்தமாகப் பாத்திரம் உருவாக்கும் முறை இந்தப் பெட்டியில் இல்லை. பாத்திரங்கள் வளர்வதும் ஐந்தாம் படியோடு (லெவல்) நின்றுவிடும். அதற்கு மேல் வேண்டுமென்றால் பேசிக் ரூல்ஸ் என்ற அடிப்படை விதிகள் இணையத்தில் இலவசம்.

இதே வகையில் வேறு இரண்டு விளையாட்டுகளையும் ஆடிப் பார்த்தோம். கிராண்ட் ஹோவிட்டின் ஹனி ஹைஸ்ட் ஒரே பக்கம். எல்லாரும் கரடி, தேனைத் திருட வேண்டும். கரடித்தனம், திருட்டுத்தனம் என்று இரண்டே எண். பெட்டிக்குக் காசு போடுவதற்கு முன் உங்கள் வீட்டுக்கு இது ஒத்துவருமா என்று ஒரு சாயங்காலத்தில் தெரிந்துவிடும். 1981-இல் வந்த கால் ஆஃப் கதுல்ஹுவுக்கும் ஸ்டார்ட்டர் செட் உண்டு. 60 திறமை என்றால் நூற்றுக்கு 60-க்குள் விழ வேண்டும், கணக்கு அவ்வளவுதான். முதல் புத்தகத்தை டிஎம் இல்லாமல் தனியாகவே ஆடலாம். துணைக்கு ஆள் கிடைக்காதவர்கள் இதையே வாங்கலாம். ஆனால் பேய்க்கதை. பன்னிரண்டு வயசுப் பிள்ளையோடு ராத்திரி ஆடிவிட்டு, பிறகு அவள் விளக்கை அணைக்க விடவில்லை.

நான் சொல்லும் 2014 பெட்டி இப்போது பழசு. 2022-இல் டிராகன்ஸ் ஆஃப் ஸ்டார்ம்ரெக் ஐல் என்ற கதையோடு வேறு ஸ்டார்ட்டர் செட் வந்தது, 2024-இல் விதிப் புத்தகமே புதுசாகிவிட்டது. எதை வாங்கினாலும் கட்டை மட்டும் இன்னொரு செட் சேர்த்து வாங்குங்கள். எங்கள் இருபது முகக் கட்டை மாமியாரின் சுருக்குப்பையில் இருக்கிறது. அவர் வந்து உட்கார்ந்தால்தான் ஆட்டம்.