8 சீசன் பார்த்த பிறகு அயோவா ஹாக்ஐஸ்: பிரேக் பிரமாதம், என்ஜினைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்

பைக் வாங்கிப் பத்து நாளில் எழுதும் ரிவ்யூவை நான் நம்புவதில்லை. புது வண்டி யாருக்குத்தான் பிடிக்காது? இரண்டு மழைக்காலம், நாலு சர்வீஸ், ஒரு தடவையாவது நடுரோட்டில் நின்றுபோய்த் தள்ளிக்கொண்டு வந்த அனுபவம், இதெல்லாம் ஆன பிறகு எழுத வேண்டும். அயோவா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியான ஹாக்ஐஸை 2017 முதல் 2024 வரை எட்டு சீசன் பார்த்தவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன். தள்ளிக்கொண்டு வந்தது ஒரு தடவை அல்ல.

வேலைக்காக சீடர் ராப்பிட்ஸ் வந்தவன் நான். அங்கிருந்து அரை மணி நேரம் தெற்கே ஓட்டினால் அயோவா சிட்டி. மக்காச்சோளமும் பன்றிப் பண்ணையுமாக இருக்கும் இந்த மாநிலத்துக்கு என்.எஃப்.எல். அணி எதுவும் கிடையாது. அதனால் மொத்த ஆசையும் கல்லூரி அணி மேல்தான். சனிக்கிழமை ஆட்டம் என்றால் கின்னிக் ஸ்டேடியத்தில் 69,000 பேர். ஊருக்குள் பார்க்கிங் கிடைத்தால் அது முன்ஜென்மப் புண்ணியம்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு பத்தி. பந்து வைத்திருக்கும் அணிக்கு நாலு வாய்ப்பு. அதற்குள் 10 கஜம் முன்னேறினால் மறுபடி நாலு வாய்ப்பு. அதற்குப் பெயர் ஃபர்ஸ்ட் டவுன். மூன்று வாய்ப்பிலும் முடியவில்லை என்றால், நாலாவதில் பந்தை ஓங்கி உதைத்து எதிரணியை அவர்கள் எல்லைப் பக்கம் விரட்டிவிடலாம். அதுதான் பண்ட். ‘எங்களால் ஆகவில்லை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லும் உதை. பந்தைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோனால் டச்டவுன், 6 புள்ளி. கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் ஃபீல்டு கோல், 3. பந்தோடு இருக்கும் எதிரணியை அவர்களுடைய கோட்டுக்கு உள்ளேயே மடக்கிவிட்டால் சேஃப்டி, 2. இந்தக் கடைசிச் சமாச்சாரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற ஊர்களில் இது அபூர்வம்.

என் முதல் ஆட்டம் 2017 நவம்பர் 4. எதிரே ஒஹாயோ ஸ்டேட், நாட்டின் பெரிய தாதா. ஆட்டத்தின் முதல் பந்து வீச்சையே அயோவா வீரர் இடைமறித்து டச்டவுன் ஆக்கினார். முடிவு 55-24. ரசிகர்கள் மைதானத்துக்குள் குதித்தார்கள். நானும் இறங்கியிருப்பேன், கூட வந்த மகள் சின்னக் குழந்தை. தலைமைக் கோச் கிர்க் ஃபெரன்ட்ஸின் மகன் பிரையன் ஃபெரன்ட்ஸ் அஃபென்ஸ் கோ-ஆர்டினேட்டராக, அதாவது பந்து நம் கையில் இருக்கும்போது என்ன செய்வது என்று திட்டம் போடுபவராக, பொறுப்பேற்ற முதல் வருடம் அது. பையன் கெட்டிக்காரன் என்று பக்கத்து சீட்டில் யாரோ சொன்னார். நானும் தலையாட்டினேன்.

டெமோ பார்த்து வண்டி வாங்கினால் இதுதான் வரும். அடுத்த வாரமே விஸ்கான்சினிடம் 38-14 என்று தோல்வி. அஃபென்ஸ் ஆட்டம் முழுக்கச் சேர்த்தது 66 கஜம். அந்த 14 புள்ளியும்கூட டிஃபென்ஸ் ஆட்டக்காரர் ஒருவர் இரண்டு பந்துகளை இடைமறித்து ஓடி எடுத்தது.

தெரு முழுக்க இந்த அணி பைத்தியம்தான் என்றாலும், எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் அடுத்த வீட்டுப் பெரியவர். ரிடையர் ஆன மனிதர், மேல் பாக்கெட்டில் விதைக் கம்பெனி இலவசமாகக் கொடுத்த குட்டி டைரி எப்போதும் இருக்கும். கிர்க் ஃபெரன்ட்ஸ் 1999-ல் பொறுப்பேற்றதிலிருந்து ஒரு ஆட்டம் விட்டதில்லை. 2004-ல் பென் ஸ்டேட்டை 6-4 என்று ஜெயித்ததை அவர் சொல்லிக் கேட்க வேண்டும். ஆமாம், ஆறுக்கு நாலு. கடைசிக் கட்டத்தில், தங்கள் கோட்டருகே மாட்டிக்கொள்வதைவிட 2 புள்ளி போனால் போகட்டும் என்று கோச் வேண்டுமென்றே ஒரு சேஃப்டியைத் தாரை வார்த்தார். பெரியவர் அதைச் சொல்லும்போது முகத்தில் பெருமைதான் இருக்கும். இந்த அணியின் மனசு எனக்குப் புரிந்தது அங்கேதான். 50 ஓவரில் 130 எடுத்துவிட்டு, எதிரணியை 120-க்குச் சுருட்டிவிடலாம் என்று நம்பும் அணி.

சுருட்டவும் செய்வார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். ஃபில் பார்க்கர் நடத்தும் டிஃபென்ஸ் நாட்டிலேயே முதல் வரிசை. 2021-ல் அணி நாட்டின் தரவரிசையில் 2-ம் இடம்வரை போனது. அடுத்த ஆட்டத்திலேயே, சொந்த மண்ணில், பர்டூவிடம் 24-7 என்று வாங்கிக் கட்டிக்கொண்டது வேறு கதை.

2022-ன் முதல் ஆட்டம். எதிரே சவுத் டகோட்டா ஸ்டேட், ஒரு படி கீழே உள்ள பிரிவைச் சேர்ந்த அணி. நல்ல வெயில். முதல் கால் ஆட்டத்தில் ஒரு ஃபீல்டு கோல் அடித்து 3 எடுத்தோம். அவர்களும் ஒன்று அடித்தார்கள். அப்புறம் மணிக்கணக்கில் உதை, உதை, உதை. எங்கள் பண்டர் டோரி டெய்லர் மெல்போர்ன்காரர், ஆஸ்திரேலிய ஃபுட்பாலில் வளர்ந்த கால். அன்றைக்கு 10 தடவை உதைத்தார். அவர் உதைக்கும் பந்து ஆகாயத்தில் ஏறி, எதிரணிக் கோட்டுக்கு நாலைந்து கஜம் முன்னால், தேங்காய் விழுவது போல விழுந்து அங்கேயே நிற்கும். அங்கிருந்து வெளியே வர முடியாமல் அவர்கள் இரண்டு தடவை தங்கள் கோட்டுக்குள்ளேயே மாட்டினார்கள். இரண்டு சேஃப்டி, 4 புள்ளி. 7-3, வெற்றி. டச்டவுன் ஒன்றுகூடக் கிடையாது.

அன்று இரவு கோவில்பட்டிக்குப் போன் செய்தேன். “மேட்ச் என்னாச்சு தம்பி?” என்றார் அப்பா.

“ஜெயிச்சிட்டோம்பா. 7-3.”

“அடேங்கப்பா! ஏழு கோலா? நல்ல ஆட்டம் பார்த்திருக்கியே!”

விளக்கவில்லை. ஹாக்கி பார்த்து வளர்ந்த மனிதரின் சந்தோஷத்தைக் கெடுப்பானேன்.

அந்த சீசன் முடிந்தபோது, அஃபென்ஸ் சேர்த்த மொத்தக் கஜக் கணக்கில் நாட்டில் உள்ள 131 அணிகளில் அயோவா 130-வது. ஆனாலும் 8 ஆட்டம் ஜெயித்திருந்தோம். இதுதான் இந்த வண்டியின் உண்மையான கோளாறு என்று நான் நினைக்கிறேன். முழுக்க நின்றுபோன வண்டியை யாராவது பிரித்துப் பார்ப்பார்கள். மலையிலிருந்து இறக்கத்திலேயே ஓடி வீடு வந்து சேரும் வண்டியை யாரும் மெக்கானிக்கிடம் விடமாட்டார்கள். ‘ஜெயிச்சுக்கிட்டுத்தானே இருக்கோம்’ என்ற ஒரு வார்த்தை போதும், எல்லாக் கேள்வியும் அடங்கிவிடும்.

ஆட்கள் சரியில்லை என்று சொல்வார்கள். சார்லி ஜோன்ஸ் கதையைக் கேளுங்கள். 2021-ல் அயோவாவில் அவர் பிடித்த பந்துகள் 21. அடுத்த வருடம் பர்டூவுக்கு மாறிப் போனார். 110 பந்துகள் பிடித்தார், 1,361 கஜம். அதே ஆள், அதே கை.

இதில் அப்பா மகன் விவகாரம் வேறு. உறவினர் ஒருவருக்கு மேலதிகாரியாக இருக்கக் கூடாது என்று பல்கலைக்கழகத்தில் விதி உண்டு. அதனால் தாளில் பார்த்தால் பிரையனின் மேலதிகாரி அப்பா அல்ல, விளையாட்டுத் துறை இயக்குநர். நடைமுறையில் எப்படி என்று குடும்பத் தொழில் பார்த்த யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சொந்த மகனை வேலையை விட்டு அனுப்புவது எந்த அப்பாவுக்கும் லேசான காரியமும் அல்ல. அந்தச் சங்கடத்தில் அவரைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கக் கூடாது என்பதுதான் என் வருத்தம்.

2023 பிப்ரவரியில் ஒரு வினோதம் நடந்தது. பிரையனின் ஒப்பந்தத்தைத் திருத்தினார்கள். சம்பளம் 9 லட்சம் டாலரிலிருந்து 8.5 லட்சமாகக் குறைந்தது. வேலை தொடர வேண்டுமானால் அணி குறைந்தது 7 ஆட்டம் ஜெயிக்க வேண்டும், ஆட்டத்துக்குச் சராசரி 25 புள்ளி எடுக்க வேண்டும். 13 ஆட்டத்துக்கு 325. அந்த 25-ல் டிஃபென்ஸ் எடுக்கும் புள்ளியும் சேர்த்தி! பையன் பாஸ் ஆகப் பக்கத்து பெஞ்சு மார்க்கையும் கூட்டிக்கொள்ளலாம் என்பது போல. மாநிலம் முழுக்க அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டது. பெரியவர் டைரியில் ஒரு பக்கத்தின் தலைப்பில் 325 என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார்.

அந்த டைரிப் பக்கத்தை நான் வாராவாரம் பார்த்தேன். 24, 20, 41. மூன்று ஆட்டத்தில் 85, வேண்டியது 75. பத்து கூடுதல்! ‘பார்த்தாயா’ என்பது போல என்னைப் பார்த்தார். அடுத்தது பென் ஸ்டேட்டில் 31-0 தோல்வி. டைரியில் ஒரு சைபர். அந்த சைபரை மட்டும் அழுத்தி எழுதியிருந்தார். மிச்சிகன் ஸ்டேட் ஆட்டத்தில் குவார்ட்டர்பேக், அதாவது அஃபென்ஸில் பந்தை எறிபவர், கேட் மெக்நமாராவின் முழங்கால் போனது. மிச்சிகனிலிருந்து அவ்வளவு நம்பிக்கையோடு வந்தவர், பாவம். அன்று டிஃபென்ஸ் வீரர் கூப்பர் டிஜீன், எதிரணி பண்ட் செய்த பந்தைப் பிடித்து 70 கஜம் ஓடி ஜெயிக்க வைத்தார். அந்தப் புள்ளியும் பிரையன் கணக்கில்தான் ஏறியது. அவர் எறிவதைப் பிடிக்க வேண்டிய நல்ல டைட் எண்டுகள் இரண்டு பேருமே காயத்தில் உட்கார்ந்தார்கள். நியாயமாகச் சொன்னால் அந்த வருடம் கெட்ட நேரமும் சேர்ந்துகொண்டது.

மினசோட்டா ஆட்டம்தான் இன்னும் ஆறவில்லை. 12-10 என்று பின்தங்கியிருந்தோம். கடைசி நேரத்தில் டிஜீன் மறுபடி ஒரு பண்டைப் பொறுக்கிக்கொண்டு ஓடி டச்டவுன் அடித்தார். ஸ்டேடியம் ஆடியது. பக்கத்தில் இருந்தவர் பாப்கார்னை என் தலையில் கொட்டிவிட்டு என்னையே கட்டிப்பிடித்தார். அப்புறம் ரீப்ளே பார்த்தார்கள், பார்த்தார்கள், பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஓடுவதற்கு முன்னால் இடது கையை ஆட்டியது ‘ஓடமாட்டேன்’ என்று காட்டும் சைகைக் கணக்கில் வருகிறதாம், ஆகையால் டச்டவுன் செல்லாது. அம்பயரைத் திட்டிக்கொண்டே எல்லோரும் வீட்டுக்குப் போனோம். அரை மணி நேரம் காரில் யோசித்தபோதுதான் தோன்றியது: ஆட்டம் முழுக்கப் பத்து புள்ளி எடுத்த அணி, ஒரு கை ஆட்டத்தில் ஜெயித்திருக்க வேண்டும் என்று கோபப்படுகிறோமே.

அக்டோபர் 30. அணி 6 வெற்றி, 2 தோல்வி. அந்த நிலையில், சீசன் முடிந்ததும் பிரையன் போகிறார் என்று இடைக்கால இயக்குநர் பெத் கெட்ஸ் அறிவித்தார். டைரியில் அப்போது கூட்டல் 156, வேண்டியது 200. மீதி ஆறு ஆட்டத்தில் மொத்தமே 60 புள்ளிதான் வந்தது. பிரிவில் முதலிடம் பிடித்து, பிக் டென் லீக்கின் இறுதி ஆட்டத்துக்குப் போய் மிச்சிகனிடம் 26-0, சீசன் முடிவில் சிட்ரஸ் பவுல் ஆட்டத்தில் டென்னசியிடம் 35-0 என்று தோல்வி. சராசரி 15.4. கஜக் கணக்கில் 133 அணிகளில் கடைசி. வெற்றிகளோ பத்து! அந்தப் பத்து வெற்றியை எந்த ரிவ்யூவில் எந்தக் கட்டத்தில் போடுவது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. டெய்லர் அந்த ஒரு சீசனில் 4,479 கஜம் உதைத்து, 1938-லிருந்து நின்ற சாதனையை உடைத்தார். ‘பண்ட் அடிப்பதே வெற்றி’ என்ற டி-ஷர்ட் எங்கள் வீட்டிலும் ஒன்று உண்டு. மனைவி அதைத் துடைக்கிற துணிகளோடு போட்டு வைத்திருக்கிறாள், அது அவளுடைய ரிவ்யூ.

பின்னே ஏன் போகிறாய் என்று கேட்பீர்கள். முதல் கால் ஆட்டம் முடிந்ததும் 69,000 பேரும் மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்புவோம். ஸ்டேடியத்துக்கு எதிரே குழந்தைகள் மருத்துவமனை. மேல் மாடிக் கண்ணாடிக்குப் பின்னால் குழந்தைகள் நிற்பார்கள். எதிரணி ரசிகர்கள், அம்பயர்கள், எல்லோருமாக அவர்களுக்குக் கையசைப்போம். 2017-ல் ஆரம்பித்த வழக்கம். என் மகள் அதற்காக மட்டுமே வருகிறவள். ஸ்கோர் கேட்டால் தெரியாது.

2024-ல் டிம் லெஸ்டர் புது கோ-ஆர்டினேட்டர். முதல் ஆட்டத்தின் பாதியில் 6-0. “சமையல்காரர் மாறினாலும் சாம்பார் மாறவில்லை” என்று மனைவிக்கு மெசேஜ் அனுப்பினேன். அவசரப்பட்டுவிட்டேன், அந்த ஆட்டம் 40-0 என்று முடிந்தது. வாஷிங்டனோடு 40, நார்த்வெஸ்டர்னோடு 40, விஸ்கான்சினோடு 42. கேலெப் ஜான்சன் அந்த சீசனில் 1,537 கஜம் ஓடினார். உதைக்க ஆளே தேவைப்படாத சனிக்கிழமைகள் வந்தன. பழக்கமில்லாததால் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது. புதிதாகச் சேர விரும்புகிறவர்கள் தைரியமாகச் சேரலாம் என்று இந்த ரிவ்யூவை முடிக்க நினைத்திருந்தேன்.

நவம்பர் 29, நெப்ராஸ்கா. ராத்திரி ஆட்டம், உறைபனிக் குளிர், இரண்டு சாக்ஸ் போட்டும் கால் விரல் இருப்பதே தெரியவில்லை. பாதியில் 10-0 என்று பின்தங்கினோம். ஆட்டம் முழுக்க எங்களுக்குக் கிடைத்தது ஐந்தே ஃபர்ஸ்ட் டவுன். கடைசி விநாடிகளில் டிஃபென்ஸ் பந்தைப் பிடுங்கிக் கொடுத்தது. ட்ரூ ஸ்டீவன்ஸ் 53 கஜத்திலிருந்து உதைத்தார், உள்ளே போனது. 13-10. பெரியவர் கையுறையைக் கழற்றாமலே பாக்கெட்டிலிருந்து டைரியை எடுத்து, பழைய பக்கத்தைத் தேடி என் முன்னால் நீட்டினார். 2023, நெப்ராஸ்கா: 13-10. அதுவும் கடைசி உதையில் வந்ததுதான்.

கார் சூடாகும் வரை பார்க்கிங்கிலேயே உட்கார்ந்து ஊருக்குப் போன் போட்டேன். அங்கே காலை ஒன்பதரை. ஸ்கோரைச் சொன்னேன்.

“பரவாயில்லையே,” என்றார் அப்பா, “அந்த 7-3-க்கு இப்போ கோல் நல்லாக் கூடியிருக்கே.”