டோட்டோ-சானா, பகல் கனவா?

ஏப்ரல் கடைசியில் ஆசிரியர் அறையில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "லீவுக்கு ஏதாவது புக் சொல்லுங்க சார்." நம் லீவு முழு லீவு இல்லை என்பது கேட்பவருக்கும் தெரியும். விடைத்தாள் திருத்தம், மாணவர் சேர்க்கைக்காக வீடு வீடாக ஏறி இறங்குவது, நடுவில் குலசாமி கோயில், இரண்டு கல்யாணம். எல்லாம் போக மிஞ்சுவது பத்துப் பன்னிரண்டு மத்தியானங்கள். அதற்குள் முடிகிற புத்தகமாகத்தான் சொல்ல வேண்டும்.

இந்தக் கேள்விக்கு முக்கால்வாசிப் பேர் சொல்லும் பதில் 'டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி'. நானும் பல வருடம் அதையேதான் சொன்னேன். இப்போது முதலில் 'பகல் கனவு' படியுங்கள் என்கிறேன். இரண்டையும் தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் போட்டிருக்கிறது, விலை பயமுறுத்தாது. இரண்டுமே பாடப்புத்தகத்துக்கு வெளியே பிள்ளைகளைத் தேடிப் போகிற கதைகள். ஆனால் படித்து முடித்த ஆசிரியருக்கு மறுநாள் காலையில் கையில் இருப்பது வேறு வேறு.

டெட்சுகோ குரோயாநாகி 1981-இல் வெளியிட்ட தன் சொந்தக் கதைதான் டோட்டோ-சான். ஒன்றாம் வகுப்பிலேயே பள்ளியை விட்டு அனுப்பப்பட்ட சிறுமி, டோக்கியோவில் பழைய ரயில் பெட்டிகளையே வகுப்பறையாக்கிய டோமோயி பள்ளிக்கு வந்து சேருகிறாள். முதல் நாளே தலைமையாசிரியர் கோபயாஷி அவளை எதிரில் உட்கார வைத்து நாலு மணி நேரம் பேச விடுகிறார். ஒரு கொட்டாவிகூட விடவில்லையாம். கிஜுபாய் பதேகா 1930-களின் தொடக்கத்தில் குஜராத்தியில் எழுதிய பகல் கனவிலும் முதல் நாள் வருகிறது. கல்வி அதிகாரியிடம் மன்றாடி நாலாம் வகுப்பை ஒரு வருடத்துக்கு வாங்கிக்கொண்ட லட்சுமிராம், அமைதி விளையாட்டு என்று பெரிய திட்டத்தோடு உள்ளே நுழைகிறார். பிள்ளைகள் கண்ணை மூடி அமைதியாக இருக்க வேண்டும். ஒருவன் மியாவ் என்கிறான், இன்னொருவன் காலால் தரையைத் தட்டுகிறான், ஐந்து நிமிடத்தில் வகுப்பு சந்தைக்கடை. வேறு வழி தெரியாமல் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அதற்கும் தலைமையாசிரியரிடம் திட்டு வாங்குகிறார்.

எனக்கு இந்த இடம்தான் முக்கியம். கோபயாஷியின் நாலு மணி நேரத்தைப் படித்தபோது கண் கலங்கியது, கூடவே குற்ற உணர்ச்சியும் வந்தது. ஆறு பீரியடும், எமிஸ் இணையதளத்தில் மாணவர் விவரங்களைப் பதிவேற்றும் வேலையும் வைத்துக்கொண்டு நாலு மணி நேரத்துக்கு எங்கே போவது? லட்சுமிராம் தோற்றதைப் படித்தபோது சிரிப்பு வந்தது, அடுத்த நாள் என்ன செய்கிறார் பார்ப்போம் என்று பக்கத்தைத் திருப்பினேன். அடுத்த நாள் அவர் ஏழு ராணிகள் உள்ள ஒரு ராஜா கதையை ஆரம்பிக்கிறார். மியாவ் போட்ட கூட்டம் வாய் பிளந்து உட்கார்ந்துவிடுகிறது. அந்தக் கதையைச் சாக்காக வைத்தே பெயர் கூப்பிடுவது, வரிசையாக உட்கார வைப்பது எல்லாம் நடக்கிறது. இதற்கு ரயில் பெட்டி வேண்டாம். நாளைக்கே நாமும் செய்து பார்க்கலாம்.

யோசித்துப் பார்த்தால் டோட்டோ-சான் வகுப்பாசிரியருக்கான புத்தகமே இல்லை, தலைமையாசிரியருக்கானது. ஐம்பது பிள்ளைகள் படிக்கிற அந்தப் பள்ளி கோபயாஷியே நிறுவியது, பெற்றோரும் தேடி வந்து சேர்த்தவர்கள். லட்சுமிராமுக்குத் தலைக்கு மேலே தலைமையாசிரியர், அவருக்கு மேலே அதிகாரி, பக்கத்து வகுப்புகளில் கிண்டல் பேசும் சக ஆசிரியர்கள். பாடப்புத்தகக் காசைச் சேர்த்து வகுப்புக்கு நூலகம் வைக்கலாம் என்றால் பெற்றோர் ஒத்துக்கொள்வதில்லை. வருடக் கடைசியில் பரீட்சை வேறு. ஊர் பேரை மாற்றினால் நம் ஒன்றியம்தான்.

டோட்டோ-சானில் நான் மறக்காத காட்சி ஒன்று உண்டு. கழிவறைக் குழியில் பர்ஸைத் தொலைத்த சிறுமி, உள்ளே இருப்பதையெல்லாம் அள்ளி வெளியே குவித்துக்கொண்டிருக்கிறாள். பார்த்த கோபயாஷி திட்டவில்லை. முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்ப உள்ளே போட்டுவிடுவாய்தானே என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறார். உங்கள் எச்.எம்.முக்குப் பரிசு கொடுக்க வேண்டியிருந்தால் இதையே கொடுங்கள், அந்தப் பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு நூல்கயிறும் வைத்துக் கொடுங்கள்.

பகல் கனவில் குறை இல்லாமல் இல்லை. பிற்பாதியில் எல்லாம் கொஞ்சம் சுலபமாகவே கைகூடுகிறது. கிண்டல் பேசியவர்களும் கடைசியில் தலையாட்டுகிறார்கள். தலைப்பிலேயே கனவு என்று சொல்லிவிட்டார், சரி. ஆனாலும் எழுதியவர் வக்கீல் தொழிலை விட்டுவிட்டு வந்து, 1920-இல் பாவ்நகரில் குழந்தைகள் பள்ளி தொடங்கியவர். வகுப்பறைச் சத்தத்தைக் காதால் கேட்ட ஆள் என்பது வரிக்கு வரி தெரிகிறது.

ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு எடுப்பவர்களுக்கு இந்த இரண்டையும் தள்ளிவிட்டு மூன்றாவதாக ஒன்றைச் சொல்வேன்: 'எங்களை ஏன் டீச்சர் பெயிலாக்கினீங்க?' இத்தாலியில் பார்பியானா என்ற மலைக் கிராமத்துப் பையன்கள் எட்டுப் பேர், பாதிரியார் லொரென்ஸோ மிலானியிடம் படித்தவர்கள், சேர்ந்து எழுதி 1967-இல் வெளியிட்ட கடிதம். மற்ற இரண்டும் நம்மைத் தட்டிக்கொடுக்கும், இது அறையும். எந்தத் தொழில் செய்யும் அப்பாவின் பிள்ளை பெயிலாகிறது என்று அந்தப் பையன்களே கணக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். விவசாயியின் மகன் வெளியே போகிறான், டாக்டரின் மகன் மேலே போகிறான். பத்தாம் வகுப்பில் நூறு சதவீதம் காட்டுவதற்காக ஒன்பதிலேயே வடிகட்டும் பழக்கத்தை அறிந்தவர்கள் இதைப் படுத்துக்கொண்டு படிக்க முடியாது. அந்தப் பள்ளிக்கு லீவே கிடையாது, ஞாயிற்றுக்கிழமையும் உண்டு என்று வேறு எழுதியிருக்கிறார்கள். மே மாதத்தில் அது நமக்கு எதற்கு!

நேரமே இல்லை என்பவர்களுக்கு இரா. நடராசனின் 'ஆயிஷா'. ஒரு மணி நேரம்கூட ஆகாது. கேள்வி கேட்டுக் கேட்டு அடி வாங்கும் ஒரு சிறுமியின் கதை, சொல்வது ஒரு டீச்சர். விடைத்தாள் திருத்தும் மையத்துக்குப் போகிற பஸ்ஸிலேயே முடித்துவிடலாம் என்று ஒரு வருடம் எடுத்துப் போனேன். முடிந்துவிட்டது. அன்று காலையில் முதல் விடைத்தாள் கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, சிவப்புப் பேனாவைத் திறக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் திரும்பி வருகிற பஸ்ஸில் படியுங்கள்.