டபிள்யூ 1209 போர்டு, தெர்மோகோல் பெட்டி: முப்பது முட்டைக்கு இந்த இன்குபேட்டர் போதுமா?

பத்துப் பன்னிரண்டு நாட்டுக்கோழி நிற்கும் வீட்டுக்கு, ஒரு ஈட்டில் முப்பது முட்டை அடைவைக்க வசதி இருந்தால் தாராளம். அதற்கு மருந்து வந்த தெர்மோகோல் பெட்டி, 25 வாட் குண்டு பல்பு இரண்டு, 12 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேன், சூட்டைப் பார்த்து பல்பை எரித்து அணைக்கும் டபிள்யூ 1209 போர்டு போதும். மீன் வந்த பெட்டி வேண்டாம், எவ்வளவு கழுவினாலும் எறும்பு விடாது.

போர்டின் விலை ஒரு கிலோ நாட்டுக்கோழிக் கறியைவிடக் குறைவு. 0.1 டிகிரி வரை காட்டும். ஆனால் வாங்கியபடியே மாட்டினால் ஈடு கெடும், ஏனென்றால் பி1 அமைப்பு 2 டிகிரியில் வரும். 37.7 வைத்தால் அங்கே பல்பு அணைந்து, 35.7-க்கு இறங்கிய பிறகுதான் மறுபடி எரியும். பி1-ஐ 0.3 ஆக்குங்கள். 0.1 வேண்டாம், போர்டில் பல்பை எரித்து அணைக்கும் சுவிட்சான ரிலே ஓயாமல் டக் டக்கென்று அடித்துச் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

அடுத்தது பி4, அதாவது போர்டு காட்டும் வெப்பத்தைச் சரிசெய்யும் அமைப்பு. போர்டு காட்டுவதை அப்படியே நம்ப முடியாது, அரை டிகிரி, ஒரு டிகிரி தள்ளிக் காட்டுவது சகஜம். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் சென்சார் முனையையும் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரையும் ஒட்டிப் பிடித்து, 38-ஐ ஒட்டி இரண்டும் என்ன காட்டுகின்றன என்று பாருங்கள். வித்தியாசத்தை பி4-ல் போட்டால் தீர்ந்தது. பெட்டிக்குள் சென்சார் முட்டையின் மேல்மட்டத்தில் இருக்கட்டும், பல்பின் நேர்ச்சூடு படக்கூடாது.

வயரிங்கில் பலரும் தடுமாறுவது கே0, கே1 முனைகளில்தான். போர்டு அவற்றில் கரண்ட் தராது, வெறும் சுவிட்ச். பல்புக்குப் போகும் ஃபேஸ் வயரை வெட்டி இரண்டு நுனியையும் அங்கே கொடுக்க வேண்டும். 230 வோல்ட் ஓடும் என்பதால் போர்டைப் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் மூடி, பெட்டிக்கு வெளியே வையுங்கள். பல்புகளைப் பேரலலாகக் கொடுத்தால் ஒன்று ஃபியூஸ் ஆனாலும் மற்றது எரியும். தெர்மோகோல் உருகாமல் இருக்க நடுவே ஒரு தகரத் தடுப்பு. ஃபேனை அடாப்டரில் நேராக மாட்டுங்கள். பல்போடு சேர்ந்து அதுவும் நின்றால் மேலே சூடு, கீழே குளிர் என்று பிரிந்துவிடும்.

இந்தப் போர்டின் உண்மையான குறை ரிலே. காண்டாக்ட் ஒட்டிக்கொண்டால் பல்பு அணையாது, முட்டை வெந்துவிடும். இரண்டாவது போர்டு ஒன்றை அதே ஃபேஸ் வயரில் முதல் போர்டுக்கு அடுத்து (சீரீஸில்) போட்டு 38.5-ல் வைப்பதே பாதுகாப்பு. அந்தச் செலவில் கஞ்சத்தனம் வேண்டாம்.

கடையில் கிடைக்கும் ரோலர் தட்டு இன்குபேட்டரின் ஒரே பெரிய லாபம், முட்டையை அதுவே புரட்டுவது. பகலில் வீட்டில் ஆள் இல்லையென்றால் அதையே வாங்குங்கள். எக்ஸ்எம் 18 மாதிரி கண்ட்ரோலர் இருந்தால் வெப்பம், ஈரப்பதம், திருப்பும் நேரம், நாள் கணக்கு எல்லாம் ஒரே இடத்தில். வாங்கும்முன் சிறுவிடை முட்டை நாலைந்து எடுத்துப் போய் ரோலரில் வைத்துப் பாருங்கள். இடைவெளி அகலமாக இருந்தால் சின்ன முட்டை உருளாமல் பள்ளத்திலேயே உட்கார்ந்துவிடும். மூடியைத் திறக்காமல் தண்ணீர் ஊற்ற வழி இருக்கிறதா, மோட்டார் தனியாகக் கிடைக்குமா என்றும் கேளுங்கள். ஈரப்பத மீட்டரைச் சோதிக்க, ஈர உப்போடு காற்றுப் புகாத டப்பாவில் அரைநாள் வைத்தால் 75 காட்ட வேண்டும்.

கையால் திருப்புகிறவர்கள் பென்சிலால் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் சுழி போடுங்கள். நாளைக்கு மூன்று அல்லது ஐந்து முறை. ஒற்றைப்படை எதற்கென்றால், நீண்ட இரவில் ஒரே பக்கம் தினமும் மேலே வராது. 18-ஆம் நாள் திருப்புவதை நிறுத்தி, ரோலரை எடுத்துவிட்டுச் சொரசொரப்பான துணி விரியுங்கள். செய்தித்தாளில் குஞ்சுக்குக் கால் வழுக்கி அகன்றுபோகும்.

ஈரப்பதம் முதல் 18 நாள் 50-55 சதவீதம், பிறகு 65-70. இதைத் தீர்மானிப்பது தண்ணீரின் ஆழமல்ல, தண்ணீர்த் தட்டின் அகலம். கடலோர ஊர்களில் அடைமழைக் காலத்தில் முதல் 18 நாளும் தட்டே தேவைப்படாமல் போகலாம்.

பொரிப்பு 19, 20-ஆம் நாளிலேயே தொடங்கினால் சூடு அதிகம். 22, 23-க்கு இழுத்தால் குறைவு. முழுசாக வளர்ந்த குஞ்சு ஓட்டுக்குள்ளேயே செத்திருந்தால் கடைசி மூன்று நாள் ஈரப்பதத்தையும் காற்றுத் துளைகளையும் பாருங்கள்.

சித்திரை, வைகாசியில் இன்னொரு சிக்கல். இந்தப் பெட்டி சூடாக்கும், குளிர்விக்காது. ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டில் 40 டிகிரி என்றால் பல்பு அணைந்திருந்தும் உள்ளே 40-தான். அந்த மாதங்களில் வீட்டின் குளிர்ந்த அறைக்கு மாற்றுங்கள். அப்படி ஓர் அறை இல்லாவிட்டால் ஆடி வரை முட்டையை விற்றுவிடலாம்.