நீர்மட்ட நாடா: வறண்ட நிலத்துத் தோப்புக்கு வாங்கலாமா?

வாங்கலாம். ஆழ்துளைக் குழாய்க்குள் இறக்கி, நிலத்தடி நீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளக்கும் நாடா இது. சீனாவில் 1978-இல் தொடங்கிய ‘மூன்று வடக்கு’ என்ற, பாலைவனம் பரவாமல் தடுக்க நட்ட காப்புக்காட்டின் பாப்லர் மரங்கள் ஜாங்பெய் பகுதியில் நுனியிலிருந்தே காய்ந்தன. வறட்சியோடு நிலத்தடி நீரும் இறங்கியிருந்தது. நுனி காய்ந்தபின் விழித்துக்கொள்வது தாமதம். மாதம் ஒருமுறை இந்த நாடாவை இறக்கினால் சரிவு முன்பே தெரியும்.

முனையிலுள்ள இரு மின்வாய்களை நீர் இணைத்ததும் ஒலி எழும். குழாயின் ஈரச்சுவர் பட்டாலும் ஒலிக்கும், அதுதான் பெரிய தொல்லை. உணர்திறன் திருகைக் குறைத்து, மூன்று முறை இறக்கிப் பாருங்கள். குழாய் விளிம்பில் நிலையான ஒரு குறியிலிருந்து அளந்து, தரைக்கு மேல் நீட்டியிருக்கும் உயரத்தைக் கழிக்க வேண்டும். பக்கத்து மோட்டார் நின்றவுடன் அளக்காதீர்கள். மட்டம் மீள நேரம் கொடுங்கள். நாடா சுற்றியிருக்கும் சுருளில் பேட்டரி சோதனைப் பொத்தான் இல்லாததை வாங்கவே வேண்டாம்.