பட்டிக்குக் கீழே எண்ணெய் டின்: பழைய பிக்கப்பை டிங்கரிங்குக்கு விடுகிறவர்களுக்கு

மதுரைப் பக்கம் பழைய டாடா 207, மஹிந்திரா பிக்கப் வாங்கி வீட்டிலேயே பிரித்து வேலை பார்ப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். பாடி வேலைக்கு வண்டியை வெளியே விடும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

என்னுடையது தொண்ணூறுகளின் கடைசியில் வந்த 207. 1988-ல் டாடாமொபைல் 206 என்று இறங்கிய வண்டியின் வழிவந்தது. செக்கானூரணி தாண்டி எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நிறுத்தி, பிரேக், கிளட்ச், பின்பட்டை (பின் ஸ்பிரிங்) எல்லாம் நானும் மச்சானும் பார்த்துவிட்டோம். கேபின் தரையும் கதவுகளின் அடிப்பக்கமும்தான் துருவேறி அரித்துப் போயிருந்தன. வீட்டில் இருப்பது ஆர்க் மிஷின். ஒரு மில்லி தகட்டில் அதை வைத்தால் ஒட்டுவதற்குப் பதில் ஓட்டைதான் பெரிதாகும். மெல்லிய தகட்டுக்கு ஏற்ற மிக் வெல்டிங் வேண்டும் என்பதால் ரிங் ரோட்டுப் பக்கம் ஒரு பட்டறையில் விட்டேன்.

துரு பிடித்த பாகத்தை வெட்டி எடுத்துவிட்டு, 18 கேஜ் தகட்டை வளைத்து வைத்து வெல்டிங் அடிக்க வேண்டும் என்பதுதான் பேச்சு. பெயிண்டோடு சேர்த்து 65,000 ரூபாய், அட்வான்ஸ் 40,000. "பத்து வருசத்துக்கு நீங்க தொட வேணாம்ணே" என்றார் பட்டறைக்காரர். வாட்ஸ்அப்பில் படமும் அனுப்பினார். ஓட்டையோடு இருந்த கதவு ஒரு படம், அடுத்தது சாம்பல் நிற பிரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் பூச்சு) அடித்த கதவு. நடுவில் வெட்டிய கதவு, தகடு வைத்த கதவு என்று ஒன்றுமே கிடையாது. கேட்டதற்கு, "பசங்க வேலை மும்முரத்துல விட்டுட்டானுகண்ணே" என்று பதில்.

வண்டி வந்தபோது பளபளவென்றுதான் இருந்தது. ஐப்பசி மழை நாலு அடித்ததும் இடது கதவின் அடியில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. ஸ்க்ரூடிரைவரால் லேசாக அழுத்தினேன், உள்ளே போய்விட்டது. பெயர்த்துப் பார்த்தால் விரல் தடிமனுக்குப் பட்டி, அதாவது பெயிண்டுக்கு முன் பள்ளத்தை நிரப்பும் பசை. அதன் கீழே ஃபைபர் துணி. அதற்கும் கீழே பாப் ரிவெட் அடித்த எண்ணெய் டின் தகடு! சூரியகாந்திப் பூவின் பாதிப் படம் கூட அழியாமல் இருக்கிறது. பழைய துரு அப்படியே, தேய்க்கக்கூட இல்லை. தரையிலும் இதே கதைதான், அங்கே ரிவெட்டும் கிடையாது, வெறும் பட்டி.

பட்டி என்பது தகட்டின் மேடு பள்ளத்தைச் சமப்படுத்த இரண்டு மூன்று மில்லிக்குள் இழுக்க வேண்டியது. தடிமனாக அப்பினால் லோடு வண்டி குலுங்குகிற குலுங்கலில் விரிசல் விடும். விரிசலில் ஈரம் இறங்கினால் துரு உள்ளிருந்தே தின்னும். இதெல்லாம் அந்த ஆளுக்குத் தெரியாதா என்ன? போய்க் கேட்டதற்கு, "மழையில நிறுத்துனா எந்த வண்டியும் இப்படித்தாண்ணே" என்றார். மழையில் நிறுத்தாத பிக்கப் எந்த ஊரில் ஓடுகிறதோ.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேலை நடக்கும்போதே, "இன்னொரு 30,000 குடுங்க, டபுள் கேபின் ஆக்கிடலாம், ஆர்.சி.ல ஏத்துறதுக்கு நம்ம ஆளு இருக்காரு" என்று தூண்டில் போட்டார். அதற்கு மட்டும் நான் பிடி கொடுக்கவில்லை. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லியாயிற்று. எஃப்.சி.க்கு (வண்டித் தகுதிச் சான்றுக்கு) போய் நிற்கும்போது அந்த 'நம்ம ஆளு' வந்து நிற்கப் போவதில்லை.

வேலை முடிந்த வண்டியைப் பார்க்கப் போகும்போது ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொள்ளுங்கள். இரும்பில் சட்டென்று பிடிக்கும், தடிமனான பட்டி மேல் வழுக்கி விழும். ஆனால் பெயிண்ட் அடித்தபின் கண்டுபிடிப்பது பாதி லாபம்தான். வெல்டிங் முடிந்து பிரைமர் ஏறும் முன் நேரில் போய், தகட்டின் அடிப்பக்கத்தையும் குனிந்து பாருங்கள். அப்புறம், பில். எனக்குத் தந்தது காலண்டர் தாளின் பின்னால் எழுதிய கணக்கு, அதில் பட்டறைப் பெயரே இல்லை. நல்லவேளை, அட்வான்ஸ் ஜிபேயில் போனது, பேசிய விவரம் வாய்ஸ் மெசேஜாக இருக்கிறது. அவற்றையும் பெயர்த்த டின் தகட்டின் படங்களையும் வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். மனு நடப்பதால் பட்டறைப் பெயரை இங்கே போடவில்லை.

கதவுகளைக் கழற்றி இப்போது திருமங்கலத்தில் வேறொரு டிங்கரிடம் கொடுத்திருக்கிறேன். தகடு வைத்ததும் பிரைமர் அடிக்காமல் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.